வியாழன்தோறும் திரும்பும் படம்

பள்ளியின் கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். பட்டப்பெயர் 'வயர்'. எந்த ஆசிரியர் என்ன கோளாறு சொன்னாலும் அவருடைய முதல் வைத்தியம் ஒன்றுதான்: "அணைச்சிடுங்க, எல்லாம் சரியாயிடும்." பதினோரு வருடமாக அது பலித்தும் வந்தது.

அந்த வியாழக்கிழமை காலை அவர் நூலகத்துக்குள் நுழைந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நூலகர் அம்மா புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். பள்ளியில் எது காணாமல் போனாலும் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

வயர் மூச்சுவிடாமல் கொட்டினார். ஏழாம் வகுப்பில் புரொஜெக்டர் படத்தை இடவலம் மாற்றிக் காட்டுகிறது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகிறது. மூன்று வியாழனாக இதே கூத்து. அவர் சரிசெய்ய, அடுத்த வியாழன் பழைய குருடி கதவைத் திறடி. இன்னொரு வியாழன் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"எலி வயரைக் கடிச்சிருக்கும்க்கா. இல்லேன்னா கெமிஸ்ட்ரி சார் வேலை. அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"எலிக்குக் கிழமை தெரியுமா?" என்றார் நூலகர்.

இருவரும் ஏழாம் வகுப்புக்குப் போனார்கள். புதன் மதியம் வரை படம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அன்று பிற்பகல் அந்த அறையில் வேதியியல், கணக்கு, கடைசியாகத் தையல். தையல் டீச்சர் வாரத்தில் அந்த ஒருநாள்தான் வருவார். மேசைமேல், கீழே வைப்பதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கேமரா இருந்தது. ரிமோட்டின் இடுக்கில் சிவப்பு நூல் துணுக்கு ஒன்று. ஆனால் நூலகரோ சுவரில் குத்தியிருந்த முப்பது தையல் துணிகளையே ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகிற நேரத்தில் இந்த அம்மாவுக்கு வேடிக்கை கேட்கிறதே என்று வயருக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த புதன், கடைசி வகுப்புக்கு முந்தின இடைவேளையில், நூலகர் தலைமையாசிரியை, தையல் டீச்சர், கெமிஸ்ட்ரி சார், வயர் எல்லோரையும் அந்த அறைக்கு அழைத்திருந்தார். தையல் டீச்சர் பதற்றத்தில் மேசையைத் தட்ட, நூல்கண்டு உருண்டது. தலைமையாசிரியை சட்டென்று இடக்கையால் பிடித்தார்.

"எழுத்தைத் திருப்பிப் போட்டுட்டு வேதியியலோ கணக்கோ நடத்த முடியாது, பிள்ளைங்க கத்திடும்," என்று நூலகர் ஆரம்பித்தார். "எழுத்தே தேவைப்படாத பாடம் தையல் ஒண்ணுதான். இந்தத் துணிகளைப் பாருங்க. இருபத்தொன்பதுல தையல் வலப்பக்கம் சாயுது. ஒண்ணுல மட்டும் இடப்பக்கம். டீச்சர், உங்க வகுப்புல இடக்கைப் பிள்ளை யாரு?"

தையல் டீச்சருக்குக் கண் கலங்கியது. மூன்றாவது பெஞ்சுச் சிறுமி. எத்தனை முறை காட்டினாலும் ஊசியைத் தலைகீழாகப் பிடித்து அழுவாள். கடைசி பத்து நிமிடம் அவளுக்காகப் படத்தைத் திருப்பினால், திரையில் தெரியும் கை அவள் கை மாதிரியே ஆகிவிடுகிறது.

"அப்புறம் அணைச்சிடுவேனே. அணைச்சா எல்லாம் சரியாயிடும்னு வயர் சார்தானே சொன்னாரு?"

வயர் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த மெஷின் படத்தைத் திருப்பி வைத்தால் அணைத்தாலும் அதை மறக்காது என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கெமிஸ்ட்ரி சார் வாய்விட்டுச் சிரித்தார். வயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. நூல்கண்டு இன்னும் அவர் இடக்கையில் இருந்தது.

"எனக்கும் இந்தக் கைதான். சின்ன வயசுல அடிச்சு மாத்திட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு பொத்தான் தைக்க வராது," என்றார். பிறகு வயரைப் பார்த்து, "மெஷின் இங்கேயே இருக்கட்டும். நீங்களும்தான்" என்றார்.

மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கடைசி பத்து நிமிடத்துக்கு வயர் தானே ரிமோட்டை எடுத்துப் படத்தைத் திருப்பினார். மூன்றாவது பெஞ்சுச் சிறுமி கொஞ்சம் நகர்ந்து இடம்விட, தலைமையாசிரியை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை இடக்கையில் எடுத்தார்.