பின் சீட்டில் ஒரு சுற்று

எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறு. கூப்பிடும் பெயர் வாயாடி. அதை வைத்த பெருமை என் அண்ணனுக்கு உரியது. நான் தூக்கத்தில்கூடப் பேசுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

ஆனால் இது நான் வாயைத் திறக்காமல் இருந்த கதை. அதுவும் முழுதாக ஒன்றரை மாதம். நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது.

எங்களிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. நான்கு பேர் உட்கார்ந்து கதவைச் சாத்தினால், ஐந்தாவதாக ஒரு குடையைக்கூட யோசித்துத்தான் வைக்க வேண்டும். அதில் அவரவர்க்கு ஓர் இடம் உண்டு. அண்ணன் ஓட்டுவான். அப்பா அவன் பக்கத்தில். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் அப்பாவின் வலது கால் வழி முழுக்க எதையோ அமுக்கிக்கொண்டே வரும். பின்னால் ஓரத்தில் அத்தை, அவள் பக்கத்தில் நான். யாரும் யாரிடமும் இடம் மாறியதில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் விசில் ஊதினால் மைதானத்தில் இருக்கும் நாய்கூட வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட அத்தை, நான்கு மாதத்துக்கு முன் பந்து வைக்கும் அறையில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

வாரத்தில் மூன்று நாள் மாலையில் அவளை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒரு நாளும் விடாமல் பயிற்சி செய்தால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதனால் நாங்கள் ஒரு நாளும் விடவில்லை.

முதல் வாரமே எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போக முக்கால் மணி நேரம். வழியில் பதினொரு வேகத்தடை. குழிகளை யாரும் எண்ணி முடித்ததில்லை. கார் ஒரு குழியில் இறங்கியபோது அத்தை என் கையைப் பிடித்தாள். லேசாகப் பிடிக்கவில்லை. என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி அழுத்தினாள். முகத்தைப் பார்த்தேன். அது சிரித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

"வலிக்குதா அத்தை?" என்று மெல்லக் கேட்டேன்.

"உஷ். முன்னாடி கேட்கும்."

"கேட்டா என்ன?"

"உங்க அண்ணன் பாவம், என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வாரத்துல மூணு நாள் வேலைய விட்டு ஓடி வரான். அவன் ஓட்டுறதுல எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கையே தொட மாட்டான். நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் கைதான் அத்தையின் கைப்பிடி. கண்ணை மூடிக்கொண்டே நாங்கள் எந்தத் தெருவில் போகிறோம் என்று அவள் பிடியை வைத்துச் சொல்லிவிடுவேன். பால் கடை முனைக் குழிக்கு ஒரு பிடி. பள்ளிக்கூட வேகத்தடைக்கு இரண்டு பிடி, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. முன்னால் இருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு அந்தக் குலுக்கல் அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா கீழே இறங்கி டயரைத் தடவிப் பார்த்தார்.

"டயர் நாலும் என் தலை மாதிரி வழுக்கையாயிடுச்சு. மாத்தணும்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஓட்டுறவன் நீ. வீல், டயர் எல்லாம் நீயே பார்த்து எடு. நான் குறுக்கே வர மாட்டேன்" என்றார்.

அண்ணன் முகத்தில் பல்ப் எரிந்தது. அவனுக்குப் பல நாளாக ஓர் ஆசை. தெருவில் எந்தக் கார் போனாலும் அவன் காரைப் பார்க்க மாட்டான், அதன் சக்கரத்தைத்தான் பார்ப்பான். பெரிய பளபளக்கும் அலாய் வீல், அதைச் சுற்றிப் பட்டையாக மெல்லிய டயர். அப்படிப்பட்ட படங்களை போனில் சேர்த்து வைத்திருந்தான். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

அன்று இரவு சாப்பாட்டில் அதே பேச்சுதான். அத்தை எல்லோரையும்விட உற்சாகமாகப் பேசினாள்.

"சின்ன வயசு. ஆசைப்பட்டத வாங்கட்டும். எனக்கென்ன, நான் பின்னாடி மகாராணி மாதிரி உக்காந்துட்டு வரப்போறேன்" என்றாள்.

ஆனால் படுக்கப் போகும்போது என்னிடம் மட்டும் வேறு சொன்னாள். "அடுத்த மாசத்தோட இந்தப் பயிற்சிய நிறுத்திடலாம்னு பார்க்குறேன். அங்க பண்ற பயிற்சி கஷ்டமே இல்ல. போயிட்டு வரதுதான் முடியல."

எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னால் அத்தைக்குப் பண்ணிய சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அத்தை கடைசிவரை ஊன்றுகோலோடு நடப்பாள். வாயாடிக்கு இப்படி ஒரு சோதனையா என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் நேராக டயர் கடைக்குப் போனோம். அம்மாவுக்கு வீட்டில் வேலை இருந்ததால் அவள் வரவில்லை. கடை முழுக்க ரப்பர் வாசனை. கூரை வரை டயர் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரருக்குக் கை, முகம், சட்டை எல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு என்று அப்பா வழியிலேயே சொல்லியிருந்தார். அவர் எதையும் கையில் எடுத்துக் கொடுத்து விற்க மாட்டார். கடையில் தயாராக வைத்திருக்கும் வீலை மாட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஓட்டிப் பார்க்காதவருக்கு வியாபாரம் கிடையாது.

அண்ணன் சுவரில் மாட்டியிருந்ததில் பெரியதாக ஒன்றைக் காட்டினான். "இது."

"பதினாறு இன்ச். நல்லா இருக்கும்" என்றார் கடைக்காரர். "இப்ப உங்க வண்டில இருக்குறது பதினாலு."

"நடுவுல இருக்குற ரிம் பெருசானா மொத்தச் சக்கரமும் பெருசாயிடுமா?" என்று கேட்டேன். கேள்வி கேட்கக் கூடாது என்று யாரிடமும் நான் சத்தியம் பண்ணவில்லையே.

"ஆகக் கூடாது பாப்பா. மொத்த உயரம் மாறினா, வண்டி எவ்வளவு வேகம் போகுதுன்னு காட்டுற முள் தப்பாக் காட்டும். அதனால ரிம் எவ்வளவு ஏறுதோ அவ்வளவுக்கு ரப்பர் இறங்கும்." அவர் எங்கள் பழைய டயரின் ஓரத்தைத் தொட்டார். "இங்க பாரு, 165, 80, 14. அகலம் நூத்தி அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். அதுல நூத்துக்கு எண்பது பங்கு ரப்பரோட உயரம். கடைசி நம்பர் ரிம்."

அப்புறம் பெரிய வீலின் டயரைக் காட்டினார். 195, 55, 16.

நான் தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழையதில் ரப்பரின் உயரம் நூற்று முப்பத்திரண்டு. புதியதில் நூற்று ஏழு, கொஞ்சம் கூட. இரண்டரை சென்டிமீட்டர் குறைவு.

"அந்த ரப்பர்தானே குழில விழுந்தா அமுங்கும்?" என்றேன்.

"ஆமா. ரப்பரும் அதுக்குள்ள இருக்குற காத்தும்."

"அது கம்மியானா மிச்ச அடி எங்க போகும்?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உக்காந்திருக்குறவங்களுக்குப் போகும்."

"கொஞ்சம்தான போகும்" என்றான் அண்ணன். "இந்த வாயாடிய விடுங்கண்ணே. மாட்டுங்க, ஓட்டிப் பார்த்துடலாம்."

கடைக்காரர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். கால் மணி நேரத்தில் நான்கு பெரிய வீலும் ஏறிவிட்டன. எங்கள் சின்னக் கார் பள்ளிக்கூட விழாவுக்கு அப்பாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்த பையன் மாதிரி நின்றது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் சொல்லத்தானே கூடாது? அவனே தெரிந்துகொண்டால்?

"அண்ணா, இந்த ஒரு தடவை நான் முன்னாடி உக்காரட்டுமா?" என்றேன். "அப்பா ஓட்டட்டும். நீ என் இடத்துல உக்காரு."

"நான்தான ஓட்டிப் பார்க்கணும்?"

"நீ நாளைலேர்ந்து தினமும் ஓட்டத்தான போற. புது வீல்ல பின்னாடி உக்காந்து போறது எப்படி இருக்கும்னு உனக்கு எப்பத்தான் தெரியும்? அதையும் பார்த்துடு."

"சரியாத்தான் சொல்றா" என்றார் அப்பா. அவருக்கு உண்மையான பிரேக்கை மிதிக்க ஆசை.

அத்தை என்னை முறைத்தாள். விசில் ஊதுவதற்கு முன் முறைப்பாளே, அந்த முறைப்பு. "எதுக்கு இடம் மாறணும்? இருக்குறபடியே இருப்போம்" என்றாள்.

"ஒரே ஒரு சுத்துதான் அத்தை" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் ஏறிக்கொண்டேன். அத்தைக்கு வலிக்கப்போகிறது, அதுவும் என்னால். அதை நினைத்தபோது அழுகை வந்தது. அப்பாவைப் பார்த்து, "மெதுவாப் போங்கப்பா" என்றேன்.

அப்பா மெதுவாகத்தான் போனார். அடுத்த தெரு திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அத்தை இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கார் ஏறி இறங்கியது. கைகள் அசையவில்லை. முகம் சிரித்தது.

"ஒண்ணும் தெரியலையே. வண்டி சும்மா கிண்ணுன்னு இருக்கு" என்றான் அண்ணன்.

அடுத்து வந்தது குழி. தண்ணீர் நிறைந்து தரையோடு தரையாக இருந்ததால் அப்பாவுக்குத் தெரியவில்லை. பின் சக்கரம் தொம்மென்று அதில் விழுந்தது.

அத்தையின் கை தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போனது. ஒன்றரை மாதமாக அங்கே என் கை இருக்கும். இன்று அங்கே அண்ணனின் கை இருந்தது.

அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். தன் கையைப் பார்த்தான். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தான். அது ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையையும் எடுத்து அவள் கைமேல் வைத்துக்கொண்டான். கடை வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

கடையில் இறங்கியதும் கடைக்காரர், "எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார்.

அண்ணன் அந்தப் பெரிய வீலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

"கழட்டிடுங்கண்ணே. கிட்டப் பார்த்தா இந்த டிசைன் எனக்குப் பிடிக்கல. பழைய அளவுலயே கொடுங்க. ரப்பர் மெத்துனு இருக்குறதா, பின்னாடி உக்காந்திருக்குறவங்களுக்குத் தெரியாத மாதிரி."

"பதினாலுலயும் அலாய் இருக்கு. ஆனா சாதாரணமாத்தான் இருக்கும்."

"சாதாரணமே போதும்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நேத்து ராத்திரிகூட அந்தப் படத்தைத்தானடா பார்த்துட்டு இருந்த?" என்றார். அண்ணன் அதற்குள், காற்று சரியான அளவில் இருக்க வேண்டும், கூடினாலும் குலுக்கும் என்று கடைக்காரரோடு பேசப் போய்விட்டான்.

அத்தை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல அத்தை."

"தெரியும். ஒரு வார்த்தையும் பேசாம நீ இவ்வளவு பண்ணுவேன்னா, பேசினா என்னென்ன பண்ணுவியோ." அவள் என் தலையில் லேசாகக் குட்டினாள். பிறகு குட்டிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள். "வலிச்சுதுன்னு சொல்ல எனக்கு வெக்கம். அவ்வளவுதான். திங்கட்கிழமை பயிற்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"நாலரைக்கு."

"நாலுக்கே தயாரா இரு" என்றாள் டீச்சர் குரலில்.

புது டயரில் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் பழையபடி பின்னால் அத்தை பக்கத்தில். அண்ணன் ஓட்டினான். வேகத்தடை வருவதற்கு நூறு அடி முன்பே வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். டயர்கள் குழியில் இறங்கின, அமுங்கின, எழுந்தன. பால் கடை முனை போனது. பள்ளிக்கூடம் போனது. என் கை சும்மாவே கிடந்தது.

அப்போது காருக்குள் ஒரு சத்தம் கேட்டது. அப்பா திடுக்கிட்டு, "என்னடா, புது டயர்ல காத்து போகுதா?" என்றார்.

காற்று போகவில்லை. அத்தை வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் காரில் ஒரு நாள்கூடத் தூங்கி நான் பார்த்ததில்லை. தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

எங்கள் தெரு வந்தது. வாசலில் அம்மா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, வீட்டைத் தாண்டி, இன்னொரு சுற்றுக்கு வண்டியை விட்டான்.