நாற்பது பக்கம் முன்னால்

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தானியேல் அடையாளத்துக்குச் செருகி வைத்த ஆட்டுத்தோல் துண்டு, மதியத் தூக்கம் கலைந்து பார்த்தபோது எண்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

விசிறிக் காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். காற்று பக்கத்தைப் புரட்டும், சரி. துண்டை எடுத்து ஒழுங்காகச் செருகியும் வைக்குமா? அதை அப்புறம் யோசிக்கலாம் என்று பிஸ்கட்டைக் கடித்தார்.

வாழ்க்கை அவருக்கு இவ்வளவு இனித்ததே இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம், மயிர் வேரோடு கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்றவர். ஓய்வுபெற்ற ஆறாம் மாதம் பைக் சறுக்கி, வலது காலில் கோயில் தூண் பருமனுக்கு மாவுக்கட்டு. தெருவே வந்து உச்சுக்கொட்டியது. அவரோ உள்ளுக்குள் ஒற்றைக் காலில் குதித்தார். கட்டிலருகே ஆன்லைனில் வரவழைத்த பேய் நாவல்கள் மாடிவீட்டு உயரத்துக்கு நின்றன. கண் வலித்தால் எதிரே டிவியில் வெப் சீரிஸ். மனைவி சவுரியம்மாள் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் திரும்புவாள். நடுவே பதினோரு மணி நேரம் அவர் மகாராஜா.

மறுநாள், மூன்றாம் பாகத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிய சீரிஸ், விழித்தபோது ஏழாம் பாகத்தில் நின்றிருந்தது. ரிமோட் ஈரமாக இருந்தது.

“சவுரி, டிவி நீ பாத்தியா?” என்று சாயங்காலம் கேட்டார்.

“நானா? சோறு வடிக்கவே நேரமில்ல. பேயப் பாக்கணும்னா ஒங்க மூஞ்சி இருக்குதே, அது போதாதா?”

மூன்றாம் நாள் மதியம் பக்கத்து வீட்டு ஹலீமா பீ பிரியாணி டப்பாவோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள். துப்பட்டா மூக்குக்கு ஏறியது.

“இன்னாண்ணே, பச்சைத் தோலு எதுனா உள்ள வச்சிருக்கீங்களா?”

“டேனரி வாடைம்மா. ஒடம்புல ஊறிப்போச்சு. போவாது.”

“ஒங்க வாடை எனக்குத் தெரியாதா? இது உப்புப் போடாத தோலு. அழுவி நாறுது. ஒரு வாரமா ஜாஸ்தியாய்க்கினே வருது.”

டப்பாவை வாசலோர ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தானியேல் மூச்சை இழுத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. அவர் மூக்கு அவருக்கு இருபது வருஷம் முன்பே ஓய்வுபெற்றுவிட்டது. கட்டிலடியில் யானை அழுகினாலும் அதற்குத் தெரியாது. சவுரியம்மாளின் மூக்கை ஷூ ஒட்டும் பசை தின்றாயிற்று. இந்த வீட்டில் எது அழுகினாலும் சொல்ல ஆளில்லை. ஸ்டூல் பக்கமே அவர் போகவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. விசிறி முனகியபடி கடைசிச் சுற்றை முடித்தது; அதுவரை அது மூடி வைத்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல், குழாயிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர், ஜன்னல் திரை கம்பியில் உரசும் உரசல், அதற்கெல்லாம் அடியில், தலைமாட்டில், சொட்டச் சொட்ட நனைந்த தோலைக் கல்மேல் மெதுவாக இழுப்பதுபோல் ஏதோ ஒன்று. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் புத்தகத்தைப் பிரித்தார். பாதிப் பக்கம் படித்திருப்பார். தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. பக்கத்தைப் புரட்டியது.

சாம்பல் நிறக் கை. நகமில்லை.

புத்தகத்தை மூடினார். கை தோளைப் பிடித்தது. எலும்பு நெரிந்தது.

“அப்புறம்?” என்றது காதருகே ஒரு குரல்.

பிரித்தார். உரக்கப் படித்தார். பிடி தளர்ந்தது. கதை ஓடும்வரை அது நகராது, அவ்வளவுதான் புரிந்தது. போன் அலமாரியில், எட்டாத தூரத்தில். படித்துப் படித்து மணி ஆறானது. மிச்சம் பன்னிரண்டு பக்கம். ஆறரைக்கு சவுரி வந்துவிடுவாள்.

மெதுவாகப் படித்தார். எழுத்தெழுத்தாக. டிசம்பர் இருட்டு எழுத்துகளை விழுங்கியது. அப்புறம் வாய்க்கு வந்ததைக் கதையாகக் கட்டினார்.

வெளியே பஸ் ஹாரன். செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

“அப்போது ஒரு குரல் சொன்னது,” என்று தானியேல் படித்தார். “சவுரியம்மாள், உள்ளே வராதே. ஹலீமா பீ வீட்டுக்கு ஓடு. திரும்பிப் பார்க்காமல் ஓடு.”

“அட! கதையில நானா?” அவள் சிரித்தாள். “இருட்டுல இன்னா தெரியுது ஒங்களுக்கு?” போன் டார்ச்சைப் புத்தகத்தின்மேல் அடித்தபடி வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய மறு தோளில் தலையைச் சாய்த்தாள். “முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்குப் படிச்சுக் காட்றீங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். கதை நின்றது.

கை அவர் தோளை விட்டது. டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் அது சவுரியம்மாளின் தலைமேல் இறங்கியது. குழந்தையைத் தடவுவதுபோல் தடவியது. அவளுடைய பின்னல், கனகாம்பரத்தோடு, வேரோடு, சத்தமில்லாமல் அதன் உள்ளங்கைக்குள் வந்தது.

அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க நிறுத்திட்டீங்க? படிங்க.”

கை மறுபடியும் தடவ ஆரம்பித்தது.