ஓரத்தில் நின்ற ஆள்

இடது கண்ணின் ஓரத்தில், கடை வாசலருகே ஓர் ஆள் நிற்பதைத் தையல்காரர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று முறைப்பார்கள். தலையைத் தூக்காமலே, "நாளைக்குக் கண்டிப்பா ரெடி" என்றார்.

வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "யாருக்குங்க நாளைக்கு?"

அவர் திரும்பினார். அந்த ஆளும் கூடவே நகர்ந்து மறுபடி ஓரத்துக்கே போய் நின்றான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தான்.

"ஆளே இல்லாத கடையிலயும் பொய் சொல்ல ஆரம்பிச்சாச்சா!" என்றாள் மனைவி.

வலது கண் போன வருஷமே போய்விட்டது. மிச்சமிருந்தது இந்த ஒன்று. அதுவும் போனால் கடையும் போய்விடும். அதனால் மறுநாளே கண் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"சர்க்கரை கண்ணுக்கு வந்துடுச்சு ஐயா. உள்ள ஓரத்துல ரத்த ஓட்டம் சரியில்ல. அதனால கண்ட கண்ட ரத்தக்குழாய் முளைக்குது. உடைஞ்சா கண்ணு முழுக்க ரத்தம்தான். ஓரத்தை லேசர்ல சுட்டுட்டா நடுவைக் காப்பாத்திடலாம்."

"ஓரத்துல ஒரு ஆள் தெரியுதேம்மா?"

"ரத்தம் கசிஞ்சா அப்படித்தான். பூச்சி தெரியும், நூல் தெரியும். உங்களுக்கு ஆள்."

பூச்சி அரித்த துணியில் ஓரத்தை வெட்டி நடுவைக் காப்பாற்றுவது அவருக்கும் தெரிந்த வேலைதான். சம்மதித்தார்.

விளக்கணைத்த அறையில் மருந்து வாடையும் பழைய ஏசியின் முனகலும் கலந்து கிடக்க, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, குளிர்ந்த பசை தடவிய கண்ணாடி வில்லை விழியில் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பச்சை மின்னல் வெட்டியது. ஊசி குத்தியதுபோல் ஒரு சுருக். ஒவ்வொரு மின்னலுக்கும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றார்கள்.

"மிஷின் சத்தம் போடுதேம்மா."

"இதுல 'டிக்'னு மட்டும்தான் வரும். அசையாதீங்க."

ஒரே தடவையில் முழுக்கச் சுட முடியாதாம். இடைவெளி விட்டு வரச் சொன்னார்கள். கடைக்கு வந்து பார்த்தால் ஆள் போகவில்லை. வாசலருகே நின்றவன் வெட்டும் மேசை வரை வந்திருந்தான். அடுத்த முறை சுட்டுவிட்டு வந்தபோது தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றான். கடையில் துணி கருகும் வாடை. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவன் இருப்பிடமே அந்த ஓரம்தான். அதைச் சுடச் சுட, பாவம், வேறெங்கே போவான்?

கடைசி முறை தாடையை வைக்குமுன் கெஞ்சினார். "கொஞ்சூண்டு ஓரத்தை விட்டுடுங்கம்மா. அதுக்கும் ஒரு இடம் வேணும்ல?"

"எதுக்கு ஐயா?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். சுடாவிட்டால் இருட்டு. தாடையை வைத்தார்.

மின்னல். ஸ்ஸ்.

மின்னல். ஸ்ஸ். இன்னும் கிட்டத்தில்.

மின்னல். கன்னத்தில் யாருடைய மூச்சோ பட்டது. டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தாள்.

"முடிஞ்சுது ஐயா. ஓரம் முழுக்கச் சுட்டாச்சு. நடு பத்திரம். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்."

மனைவி கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். எதிரே குனிந்தாள். "என்னங்க, என் முகம் தெரியுதா?"

மெல்லத் தெளிந்தது.

மனைவியைப் பார்த்தார். அவன். சுவரைப் பார்த்தார். அவன். தரையில், கூரையில், தன் உள்ளங்கையில். அவன்.

"என்னங்க? ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

முகத்தைப் பொத்தியிருந்த கைகள் இறங்கின. ஒரு விரல். இன்னொரு விரல். நெற்றியிலிருந்து தாடை வரை சின்னச் சின்ன வட்டங்கள், இயந்திரத் தையல் ஓடியதுபோல் வரிசை வரிசையாய், நூல் நுழையவும் இடைவெளி இல்லாமல். எல்லாம் சூடு. எல்லாவற்றிலும் இன்னும் புகை. நடுவில் இரண்டு கண்கள் மட்டும், ஒரு பொட்டுக்கூடச் சுடப்படாமல், பத்திரமாய்.

தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவன் மூடவில்லை.