மிஹ்லாருக்கு ஆகாத வீடு

மழை பிடித்துக்கொண்டது. கல்முனை பாமசி வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தாழ்வாரத்துக்குள் ஒதுங்க, ஒருத்தன் மட்டும் ரோட்டில் இடைவெளிக்காகப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று நனைந்தான். இரண்டு மாஸ்க். மேலே தெரிந்தது கண்கள் மட்டும்தான்... அல்லாஹ்வே, அதென்ன கண்கள்! நீண்ட இமைகளில் மழை சொட்டியது.

வாப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்த அஸ்னாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

“உள்ள வாங்களன். நாங்க ஆக்களக் கடிக்க மாட்டம்.”

“கடிச்சாப் பரவால்ல... இருமினாத்தான் பயம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வாயெடுப்பதற்குள் அவனே இருமத் தொடங்கினான். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல் ஓர் இழுப்பு... கூட்டம் சிதறியது.

“கொரோனா இல்ல... சின்னதில இருந்தே முட்டு வருத்தம்...” அவன் திணறியதை யாரும் நம்பவில்லை. கையிலிருந்த இன்ஹேலர் வேறு காலி.

அஸ்னா அவனுடைய மருந்துத் துண்டைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். புதியதை வாங்கி நீட்டினால், மாஸ்க்கைக் கழற்றப் பயந்து நிற்கிறான்! குடையை விரித்து எட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

“நான் மூச்சே விடல்ல. இழுங்க!”

அவன் மூச்சு மெல்ல மெல்லச் சீராவதைக் கேட்டு நின்றபோதே அவள் மனசு கைவிட்டுப் போய்விட்டது.

மருந்துத் துண்டு அவளிடமே தங்கிவிட்டது. மறதிதானா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அதிலிருந்த நம்பருக்கு எடுத்தாள். பெயர் மிஹ்லார்; சாய்ந்தமருதில் வீட்டோடு போன் திருத்துகிறான்.

அப்படியே எட்டு மாதம் கதைத்தார்கள். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் அவன் ஜன்னலைச் சாத்துவான். ஆஸ்பத்திரியில் இறந்தவரின் மையித்துக்கூட வீடு திரும்பாத நாட்கள் அவை. நெஞ்சு இறுகுவது நோயாலா, பயத்தாலா என்று அவனுக்கே தெரியாது. அவள் கதைக்கக் கதைக்க இறுக்கம் தளரும். அவள் இருந்த மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவே நாலு கட்டைத் தூரம்தான்... அவளுக்கு அது கடலாகத் தெரிந்தது.

ஊர் திறந்ததும் அவள் வாப்பா கச்சிமுகம்மது முறைப்படி மாப்பிள்ளை பேச ஆளனுப்பினார். திரும்பி வந்த பதில் ஒரே சொல்: “வேணாம்.”

அஸ்னா அழவில்லை. மூன்றாம் நாள் தானே போய் அவன் கேற்றைத் தட்டினாள்.

“என்னில என்ன குறை எண்டு சொல்லுங்க, போயிருவன்.”

“உங்களில ஒரு குறையுமில்ல.” அவன் தலை குனிந்தான். “மாப்பிள்ள பொண்ணு வீட்டுக்கு வாறதுதானே நம்மட வழக்கம். ஒருநாள் உங்கட வாசல் மட்டும் வந்தன் அஸ்னா. உள்ள மூணு தறி. முற்றமெல்லாம் பஞ்சுத்தூசு. அங்க நான் ஒரு கிழம தாங்க மாட்டன். உங்கட வாப்பாக்கிட்டப் போய்த் தறியக் கழட்டுங்க எண்டு கேக்கலாமா? நெஞ்சு ஏலாத மாப்பிள்ளை எண்டு அவர் பார்க்கிற பார்வய என்னால தாங்கேலா.”

இவ்வளவுதானா! எட்டு மாதம் கதைத்த மனுசன் இதைச் சொல்லாமல் விட்டானே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

“தறி இரிக்கட்டும். நான் இஞ்ச வாறன்.”

“ஊர் கதைக்கும் அஸ்னா. பொண்ணுக்கு வீடு குடுக்க வக்கில்லாத வாப்பா எண்டு...”

“வாப்பாக்கிட்ட நான் கதைச்சிட்டுத்தான் வந்தன். உங்களுக்கு வீட்ட விட்டு வரப் பயமாக்கும் எண்டு நினைச்சு, இஞ்ச இரிக்கிறது எனக்குச் சம்மதம் எண்டு சொன்னன். ரெண்டு நாள் முகம் குடுக்கல்ல. இண்டைக்கு ‘போய்க் கேளு மகள்’ எண்டாரு. பகல்ல அங்க போய் நெய்வன். குளிச்சு உடுப்பு மாத்திட்டு உங்களுக்கிட்ட வருவன். இனி நீங்க சொல்லுங்க. வேணுமா, வேணாமா?”

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. கேற்றைத் திறந்தான்.

“இவ்வளவு காலமும் தொழுதிட்டு, இண்டைக்குச் சாகாம இரிக்கணும் எண்டுதான் துஆக் கேப்பன். இப்ப... உங்களோட கிழவனாகணும் எண்டு கேக்கிறன்.”