கழுவாத கோப்பை

"ஐயய்யோ...!"

அலறல் கேட்டு ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியிலிருந்த அந்த உணவகமே திரும்பியது.

பதினேழாம் மேஜையில் தாம் என்ற கிழவர், இறால் கொழுக்கட்டைத் தட்டில் முகம் கவிழ்ந்து கிடந்தார். பிணமாக!

"என்னாச்சு? என்னாச்சு?"

ஆளாளுக்குக் கேட்டார்கள். கையில் செல்போன். உதவிக்கு ஒருத்தரும் வரவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்!

இன்ஸ்பெக்டர் மாக் வந்தார். கோப்பையின் அடியில் கரையாத வெள்ளைப் பொடி...

"விஷம்!"

"இவதான் சார்!" கிழவரோடு அதே மேஜையில் உட்கார்ந்திருந்த அவர் தம்பி மகன் விங்ஃபாய், பரிமாறும் சௌஹாவைக் காட்டினான். "கோப்பையைக் கொண்டாந்து வெச்சது இவ. பெரியப்பா டீயைக் குடிக்கிறதுக்கு முன்னாடியே 'என்னாச்சு?'ன்னு கேட்டா சார்! விஷம் வெச்சவளுக்குத்தானே முன்னாடியே தெரியும்?"

மாக் விலங்கை எடுத்தார்.

சௌஹா விலங்கைப் பார்த்தாள். கொலைக் கேஸ்! ஆயுசு முழுக்கக் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால், இருபது வருஷமாக வாடிக்கையாளர்களை விரட்டிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"கேட்டேன்தான் சார். இந்த மூஞ்சியைத்தான் கேட்டேன்!" விங்ஃபாயைக் கைகாட்டினாள்.

"எதுக்கு?"

"நீங்க ஓட்டல்ல உக்காந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"சூடா டீயை ஊத்திக் கோப்பை, கிண்ணம், ஸ்பூன் எல்லாத்தையும் கழுவுவேன். இது ஒரு கேள்வியா?"

"பெரியவங்க கூட வந்தா?"

"அவங்களோடதையும் நான்தான் கழுவணும். சின்னவன் வேலை அது."

"இந்தத் துரை தன்னோடதை மட்டும் கழுவினான். கெழவர் பேப்பர்ல மூழ்கியிருந்தாரு. அவருக்கு அப்படியே ஊத்தினான். 'என்னாச்சு தம்பி, ஒடம்பு சரியில்லையா?'ன்னேன். 'உன் வேலையைப் பாருடி'ன்னான்!"

விங்ஃபாய் முகம் வெளுத்தது.

"ம... மறந்துட்டேன்! அதுக்கென்ன இப்போ?"

"த்தூ! கழுவப்போற கோப்பையில எந்த முட்டாளாவது விஷம் வெப்பானா? நான் வெச்சிருந்தா, கழுவுற மொத டீயிலயே பொடி போயிருக்கும். கழுவ மாட்டோம்னு தெரிஞ்சவன்தான்டா வெப்பான்!"

மாக் குனிந்து பார்த்தார். கிழவரின் கிண்ணம், ஸ்பூன்... பொட்டு ஈரமில்லை. விங்ஃபாயின் கிண்ணத்தில் டீ இன்னும் காயவில்லை.

"பையைக் காட்டுடா!"

கசங்கிய காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. ஓரத்தில் அதே வெள்ளைப் பொடி!

"வீட்டை எழுதித் தர மாட்டேன்னாரு சார்..." விங்ஃபாய் அழுதான்.

விலங்கு அவன் கையில் ஏறியது.

"கூட்டிட்டுப் போங்க சார்!" சௌஹா மேஜையைத் துடைக்கத் துணியை எடுத்தாள். "ஜெயில்ல அவனவன் தட்டை அவனவனே கழுவணுமாமே... துரைக்கு அதுதான் நல்லாப் பழக்கமாச்சே!"