முக்கண்பட்டியின் மூன்றாம் கண்

"தூ! இதுக்குள்ள மனுசன் இறங்குவானா, மதினி?"

கண்மாய்க் கரையில் நின்று காறித் துப்பினான் சன்னாசி. அவன் துப்பியதால் அந்தத் தண்ணீர் கெட்டுவிடப் போவதில்லை. கெடுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

"இறங்கித்தான் ஆகணும்" என்றாள் முத்திருளாயி, முந்தானையால் மூக்கை இறுக்கிக்கொண்டு. சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கெல்லாம் பட்டினி கிடக்கிற பெண் அவள். அவள்தான் இந்தப் படைக்குத் தலைவி! கணவனின் தம்பி சன்னாசி கடப்பாரையோடு வந்திருந்தான். பக்கத்து வீட்டு வாசுகி தேர்வடம் போலத் தடித்த கயிறு ஒன்றைத் தோளில் சுமந்து வந்திருந்தாள்.

முக்கண்பட்டியின் பூகோளத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. மேற்கே டவுன், கிழக்கே ஓடை, நடுவில் கண்மாய். ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரில்தான் நெல் விளைந்தது. பிறகு டவுன் வளர்ந்து, தன் சாக்கடையை முழுசாக இதற்குள் திருப்பிவிட்டது. ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வயலைப் பிளாட் போட்டு விற்றார்கள். வாய்க்கால் மேல் வீடு கட்டினார்கள். மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை அடைத்து அதன்மேல் கல்யாண மண்டபம் எழுப்பினார்கள். இப்போது விடாத அடைமழை! உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியின்றி முட்டிக்கொண்டு நின்றது. கரையில் ஓரிடம் கசியத் தொடங்கிவிட்டது. உடைந்தால் கீழே இருக்கும் பள்ளத்தெரு மொத்தமும் மலத்துக்கும் சகதிக்கும் அடியில் போய்விடும். தெருவின் ஒரே குடிதண்ணீர்க் கிணறும் போகும். தெருவின் முதல் வீடு முத்திருளாயியுடையது. அவளும் அவள் கணவனும் செங்கல் சூளையில் வெந்து கட்டிய வீடு.

ஜனங்கள் பாத்திரம் பண்டங்களோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். இவர்கள் மூவரும் மூன்றாம் கண்ணைத் தேடி வந்தார்கள்.

அது என்ன கண்? ஊர் அம்மனுக்கு மூன்று கண் என்றும், கோயிலில் இருக்கும் சிலையில் இரண்டுதான் உண்டு என்றும், மூன்றாவது கண் மாணிக்கக் கல்லாகக் கண்மாய்க்குள் புதைந்திருக்கிறது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அது திறந்தால் ஊர் எரிந்து சாம்பலாகிவிடுமாம்! அதனால் மாசித் திருவிழாவில் 'கண்மூடு' என்றொரு சடங்கு. வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுபோய், கண்மாய்க்குள் நிற்கும் ஒற்றைக் கல்தூணின் அடியில் கொட்டுவார்கள். காலப்போக்கில் மண் வெட்டச் சோம்பல் வந்தது. கூடை நிறைந்தால் போதாதா? வீட்டுக் குப்பையையே அள்ளிக்கொண்டு வந்து கொட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கண்ணராவி!

அன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆட்டோக்காரன் கத்தினான்: "ஏழு கண்ணு பாலத்துல நாலு கண்ணு அடைச்சுப்போச்சு! அங்கிட்டுப் போகாதீங்க!"

முத்திருளாயிக்குச் சுருக்கென்றது. பாலத்துக்குக் கண் என்றால் தண்ணீர் போகிற வழி. அப்படியானால் மடைக்கு? கரையில் இரண்டு மடைக்கண்கள் சிமெண்டு பூசிக் கிடப்பதை அவளே பார்த்திருக்கிறாள். இரண்டும் வயலுக்குப் போனவை. ஓடைப் பக்கம் கரைக்கு வெளியே ஒரு கல் வாய் காய்ந்து கிடக்கிறதே, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தூணடியில் இருப்பது மடையின் மூன்றாம் கண்! அதை அம்மனின் கண்ணாக்கி, பயந்து, காலகாலமாகக் கூடை கூடையாகக் கொட்டித் தூர்த்திருக்கிறது இந்த ஊர். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சன்னாசியிடம் அவள் விளக்கவில்லை. "கண்ணைத் தோண்டப் போறோம், வர்றியா?" என்று மட்டும் கேட்டாள். மாணிக்கம் நினைவுக்கு வந்ததும் அவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டான்.

கயிற்றின் ஒரு முனையைக் கருவேல மரத்தில் சுற்றி, மறுமுனையை இருவர் இடுப்பிலும் கட்டினாள் வாசுகி. "தண்ணி இழுத்துச்சுன்னா ஒரு சத்தம் குடு. கண்ணை மூடிக்கிட்டு இழுத்துருவேன்!"

முதல் அடியிலேயே கால் முழங்கால்வரை புதைந்தது. அடுத்த அடியில் ஏதோ கொழகொழவென்று விரலிடுக்கில் பிதுங்கியது. கோழிக்கழிவு மூட்டை ஒன்று வெடித்து, புழுக்கள் நுரையோடு மிதந்து வந்தன. சன்னாசி ஓவென்று ஓங்கரித்தான்.

"வாயை மூடுறா! உள்ள போயிரும்!"

மார்பளவுத் தண்ணீரில் தூணை எட்டினார்கள். தூணடி மேட்டில் ஏறி நின்று, சன்னாசி நெம்ப நெம்ப, முத்திருளாயி கையால் பிடுங்கி எறிந்தாள். ஊறிப் பெருத்த குழந்தைத் துணிகள், சலூன் மயிர், அழுகிய மெத்தை, சாமி படச் சட்டம். ஒரு மூட்டையை இழுத்தபோது அவள் கை நின்றது. அவள் வீட்டு மாவுச் சாக்கு. அவள் தைத்த பச்சை நூல். போன மாசியில் அவளே கொட்டியது! அதுவரை அடக்கிவைத்திருந்த குமட்டல் அப்போதுதான் பொங்கியது. வாந்தி எடுத்து, வாயைத் துடைக்கக் கையில் சுத்தமான இடம் இல்லாமல், மறுபடி குனிந்தாள்.

கரையிலிருந்து ஓர் அலறல். "அடியே! கண்ணைத் திறக்காதடி! ஊரு எரிஞ்சுரும்!"

மாமியார் சீனியம்மா! தண்ணீர் தெளிக்காமல் கடைப் பையைக்கூட வாசல் தாண்டவிடாத சுத்தக்காரி. அவள் பின்னால் பாதி ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எரியட்டும் அத்தை! இந்த நாத்தத்துக்கு அதுவே தேவலை!" என்று கத்திவிட்டு, "குத்துறா சன்னாசி!" என்றாள்.

கடப்பாரை கல்லில் மோதிச் சறுக்கி உள்ளே போனது. தண்ணீர் கொடகொடவென்று சுழன்றது. மேடு அப்படியே உள்வாங்கியது! முத்திருளாயியின் கால் துவாரத்துக்குள் இழுபட்டு, தலை முங்கியது. அந்தக் கறுப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் புகுந்தது.

"வாசுகி! இழு! இழு!" என்று சன்னாசி தொண்டை கிழியக் கத்தினான். மரம் நெரிய, உள்ளங்கை தோலுரிய, வாசுகி இழுத்தாள். கடப்பாரையை விட்டுவிட்டு மதினியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றித் தூக்கினான் சன்னாசி. இருவரும் கரைச் சரிவில் வந்து விழுந்தார்கள்.

கரைக்கு அந்தப்புறம் கல் வாய் திறந்துகொண்டது! முதலில் ஊரின் குப்பை, அப்புறம் தண்ணீர், ஓடையை நோக்கிப் பீறிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்மாயில் நீர்மட்டம் இறங்கியது. கசிவு நின்றது. கரையில் கூச்சல், கைத்தட்டல், குலவை!

"மாணிக்கம் எங்க மதினி?" என்றான் சன்னாசி, கண்ணிமையில் ஒட்டிய சகதியோடு.

"நம்ம தெருக் கிணத்துல எட்டிப் பாரு. தெளிஞ்சு கெடக்கும்."

அவன் முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது.

சரிவு வழுக்கியது. தலையிலிருந்து கால்வரை சகதி வழிய, முத்திருளாயி கையை மேலே நீட்டினாள். குலவையிட்ட கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. ஒருவன் சட்டையை உதறினான். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாங்கள் கொட்டியதைப் பார்த்துத் தாங்களே அருவருத்தார்கள். முத்திருளாயிக்கு அழுகை வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீனியம்மா வந்தாள். குனிந்து, மருமகளின் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அந்தப் பக்கம் திரும்பி, குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். கையை விடவில்லை.

"ஏறு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "வீட்டுக்குப் போவோம்."