பதினைந்து நிமிட விமானம்

ஃபிலிப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். லிஸ்பனில் அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் அது தெரியும்.

அவளுடைய அப்பா அந்த வாரம்தான் மாட்ரிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரப்போகிறார். வியாழக்கிழமை இடைவேளையில் ஃபிலிப்பா அதையே அளந்துகொண்டிருந்தாள்.

"மாட்ரிட் ஐந்நூறு கிலோமீட்டர்! ஆனா விமானத்துல பதினஞ்சே நிமிஷம். ஆறு மணிக்குக் கிளம்பி ஆறே காலுக்கு இங்க வந்துடும். டிக்கெட்லயே போட்டிருக்கு!"

"இல்ல, ஒண்ணே கால் மணி நேரம் ஆகும்" என்றான் உனாய் மெல்ல. அவன் மாட்ரிட்டிலிருந்து வந்து அந்த வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஃபிலிப்பாவுக்குச் சுருக்கென்றது. அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எல்லாரும் பாருங்க! மணி பதினொண்ணு. இவன் வாட்ச்ல பன்னெண்டு! மணி பார்க்கவே தெரியாதவன் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். "டேய், ஓட்டை வாட்ச்!" என்று கத்தினான் துவார்த்தே. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உனாய் சட்டைக் கையை இழுத்து வாட்சை மறைத்துக்கொண்டான்.

மறுநாள் மாலை, மாட்ரிட் விமான நிலையத்திலிருந்து அப்பா வீடியோவில் அழைத்தார். அவருக்குப் பின்னால் பெரிய கடிகாரம் ஒன்று ஐந்தரை காட்டியது. ஃபிலிப்பாவின் சமையலறைக் கடிகாரத்தில் நாலரைதான்.

"அப்பா, அங்க கடிகாரம் கெட்டுப்போச்சா?"

"கெடலடா செல்லம். ஸ்பெயின்ல மணி நம்மள விட ஒரு மணி நேரம் முன்னால ஓடும். டிக்கெட்டைப் பார்த்து ஏமாந்துடாத. ஒண்ணே கால் மணி நேரம் பறக்கணும் நான்."

ஃபிலிப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அன்று இரவு அப்பா வாங்கி வந்த சாக்லேட்டும் இனிக்கவில்லை. 'நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை உனாயின் கையில் வாட்ச் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"எங்கடா உன் ஓட்டை வாட்ச்?" என்றான் துவார்த்தே.

ஃபிலிப்பா எழுந்தாள்.

"அது ஓட்டை வாட்ச் இல்ல. மாட்ரிட் நேரம் காட்டுற வாட்ச். அங்க ஆறு மணின்னா இங்க அஞ்சு. உனாய் சொன்னதுதான் சரி. நான்தான் தெரியாம உளறிட்டேன். அவனையும் அசிங்கப்படுத்திட்டேன்."

உடனே துவார்த்தே, "வணக்கம், பதினஞ்சு நிமிஷம்!" என்றான். வகுப்பே குலுங்கியது. ஃபிலிப்பாவுக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் ஓடவில்லை. நேரே உனாயிடம் போனாள்.

"மன்னிச்சுடு. ஆமா, இங்க வந்தப்புறமும் ஏன் நீ நேரத்தை மாத்தல?"

"அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க" என்றான் உனாய். "அவங்க இப்ப என்ன பண்ணுவாங்கன்னு வாட்சைப் பார்த்தா தெரியும்."

ஃபிலிப்பாவின் தலை இன்னும் தாழ்ந்தது. மெதுவாகக் கேட்டாள்:

"இப்ப என்ன பண்ணுவாங்க?"

உனாய் பைக்குள் கைவிட்டு வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"பன்னெண்டே கால். காபி குடிச்சுட்டு இருப்பாங்க."